கக்கன், பி.

பி. கக்கன் (1908–1981) விடுதலைப் போராட்ட வீரர். காமராசர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் பணியாற்றிய காங்கிரஸ் தலைவர். மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்தார். தந்தை கோயில் பூசாரி.

மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயரின் அரவணைப்பில் பொதுவாழ்வுக்கு வந்த கக்கன், 1939 ஜூலை 8 அன்று, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அதுவரை மூடியிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவருடன் நுழைந்தவர்களில் ஒருவர். தமிழக ஆலயப் பிரவேச வரலாறு இவரை விட்டுவிட்டு எழுதக்கூடியதன்று. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும் இடம்பெற்றார்.

1952இல் மதுரையிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். 1957இல் மாநில அமைச்சரானது முதல் பத்தாண்டுகள் பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை ஆகியவற்றைக் கவனித்தார். வைகை அணை திறக்கப்பட்டது இவர் பொதுப்பணி அமைச்சராக இருந்தபோதுதான். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது உள்துறை இவர் கையில் இருந்தது; அப்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூடுகளின் பழியிலிருந்து இவரை முற்றாக விலக்கிவிட முடியாது. இவரது எளிமையை மட்டும் போற்றும் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

1967 தேர்தலில் தோற்றார். பதவியால் சொத்து சேர்க்காதவர். பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சிகிச்சை பெற்றுவந்த இவரை, வேறொருவரைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆர். கண்டு உதவிகளுக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23 அன்று காலமானார். தும்பைப்பட்டியில் இவருக்கு அரசு மணிமண்டபம் உள்ளது.