பெட்டிக்குள் சூடு: கிரானின் குஞ்சுப் பெட்டியும் சிறுத்தைப் பல்லியின் தட்டும்

மூடிய பெட்டியொன்றுக்குள் செயற்கையாகச் சூடு கொடுத்து உயிர்களைப் பேணும் முறை, இன்று பெரும்பாலும் ஆய்வுகூடங்களுக்கும், சிறுத்தைப் பல்லி வளர்க்கும் மேலைநாட்டார் தம் வீடுகளில் தாமே செய்துகொள்ளும் அடுக்குத் தட்டுகளுக்கும் உரியதாக எண்ணப்படுகிறது. ஆயினும் அம்முறையின் அடிப்படை, கோழி வளர்த்த ஊர்கள் அனைத்துக்கும் நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்றாகும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, திருகோணமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளதும், கோறளைப்பற்று தெற்குப் பிரதேசத்தின் நிருவாக மையமாக விளங்குவதுமான கிரானும், அதனைச் சூழ்ந்த வயற்புறக் கிராமங்களும் அத்தகைய ஊர்களாகும். அடைக்கோழியின் வயிற்றடியில் தொடங்கி, மண்ணெண்ணெய் விளக்குக்கும் மின்குமிழுக்கும் மாறி, வெப்பநாடாவில் வந்து நிற்கும் இவ்வரலாறு, சூட்டை உண்டாக்கக் கற்றுக்கொண்ட கதை என்பதைவிட, அதற்கு அளவும் எல்லையும் வகுக்கக் கற்றுக்கொண்ட கதை என்பதே பொருந்தும்.

வெப்பமான இக்கரையோரத்தில் சூடு ஏன் தேவைப்பட்டது என்ற வினாவுக்குக் காலநிலையே விடை தருகிறது. இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரி மாதங்களில் பெய்கிறது. மட்டக்களப்பு வாவியும் ஆறுகளும் பெருகி, கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் நோக்கிச் செல்லும் வீதி வெள்ளத்தில் மூழ்கி, மேற்கேயுள்ள கிராமங்கள் துண்டிக்கப்படுவதும் அக்காலத்திலேயே. அந்நாட்களில் இரவு வெப்பநிலை 23 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவது மனிதருக்குச் சிறு கூதல் மட்டுமே. ஆனால், முட்டையை விட்டு வெளிவந்த முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வரையான சூழலை வேண்டும் கோழிக்குஞ்சுக்கு அது உயிராபத்தாகும். குஞ்சின் உடலை மூடியிருக்கும் மென்தூவி வளர்ந்த கோழியின் இறகைப் போல் சூட்டைத் தேக்கிவைக்க வல்லதன்று. அத்தூவி ஈரமானால் எஞ்சியிருக்கும் சிறு காப்பும் இல்லாது போய்விடும்.

இக்குறையை முதலில் நிறைவுசெய்தது தாய்க்கோழியே. வைக்கோல் பரப்பிய பெட்டியிலோ மண் நிரப்பிய சட்டியிலோ முட்டைகளை அடுக்கி, அடைக்கு வந்த கோழியை அதன்மேல் இருத்துவது அடைவைத்தல் எனப்படும். தமிழ்க் கிராமங்கள் பலவற்றில் இடியால் முட்டை கெடாதிருக்க வேண்டுமென இரும்புத் துண்டும் கரியும் உடன் வைக்கப்பட்டன. இந்நம்பிக்கை எத்தகையதாயினும், அடைகாத்தலில் கோழி ஆற்றும் பணி மிக நுட்பமானது. ஏறத்தாழ 37.5 பாகை வெப்பத்தை 21 நாட்கள் கலையாது பேணுவதுடன், அது முட்டைகளை அலகால் புரட்டியும், ஓரத்தில் கிடப்பவற்றை நடுவுக்குத் தள்ளியும், இரை தேடச் சிறிது நேரம் எழுந்து சென்றும் சூட்டைச் சமன்செய்கிறது. பிற்காலத்தில் தோன்றிய அடைகாக்கும் பொறிகள் அனைத்தும் இந்த மூன்று செயல்களையும் உலோகத்தாலும் மரத்தாலும் ஆற்றிக்காட்டும் முயற்சிகளே.

அம்முயற்சி மிகப் பழையது. எகிப்தில் கோழியின்றி முட்டை பொரிக்கவைக்கும் வழக்கத்தை அரிஸ்டாட்டில் குறிப்பிட்டுள்ளார். அந்நாட்டின் மண் சூளைகளில் வேலை செய்தோர் வெப்பமானியின் துணையின்றி, முட்டையைக் கண்ணிமையில் தொட்டே சூட்டின் அளவை அறிந்தனர். பிரெஞ்சு அறிவியலாளரான ரெயோமூர், இக்கலையை வெப்பமானியின் துணைகொண்டு ஆராய்ந்து 1749இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் 1881இல் சார்ள்ஸ் ஹியர்சன் உருவாக்கிய பொறி மேலும் ஒரு படி முன்னேறியது. குறிப்பிட்ட வெப்பத்தில் ஆவியாகும் திரவம் அடைத்த தட்டையான உலோகச் சிமிழொன்று, சூடு மிகும்போது உப்பி, நெம்புகோல் ஒன்றை உயர்த்தி, விளக்கின் புகைபோக்கி மேலிருந்த மூடியைத் திறந்து, மிகையான சூட்டை வெளியேற்றியது. சூடு அளவை மீறும்போது தானே குறைத்து, குறையும்போது தானே கூட்டும் இத்தகைய அமைப்பே வெப்பச்சீராக்கி, அதாவது தெர்மோஸ்டாட். விளக்கைக் கண்காணிக்க இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்கும் தேவையை இச்சிறு சிமிழ் குறைத்தது.

இலங்கையில் 1977ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றத்துக்குப் பின் வணிகக் கோழிவளர்ப்பு விரிவடைந்தபோது, பொரிப்பகங்களிலிருந்து வரும் ஒருநாட் குஞ்சுகள் ஊர்ச்சந்தைகளையும் எட்டின. தாயின்றி வந்த இக்குஞ்சுகளுக்கு வீட்டிலேயே தாய்ச்சூடு கொடுக்கவேண்டியிருந்தமையால் குஞ்சுப் பெட்டி பரவலாயிற்று. அதன் அமைப்பு எளியது: பலகையாலோ தடித்த அட்டையாலோ ஆன பெட்டி, நெல் விளையும் இம்மாவட்டத்தில் ஆலைகளில் குறைவின்றிக் கிடைக்கும் உமி அடித்தளமாக, ஒரு மூலையில் துளையிட்ட தகரத்துக்குள் அரிக்கன் லாம்பு, காற்று வர இடம்விட்டு மேலே போர்த்திய சாக்கு. உள்நாட்டுப் போர்க்காலத்தில் படுவான்கரை எனப்படும் வாவியின் மேற்குக் கரையிலும் உட்கிராமங்களிலும் மின்சாரம் எட்டாத இடங்கள் பல இருந்தமையால், மற்றைய இடங்களைவிட இங்கு விளக்கின் ஆயுள் நீண்டது. மண்ணெண்ணெயின் புகையும், லாம்பு சரிந்து உமியில் தீப்பற்றும் அபாயமும் அம்முறையின் தீராத குறைகளாகும்.

மின்சாரம் வந்த வீடுகளில் லாம்பின் இடத்தை இழைக்குமிழ் பிடித்தது. உள்ளே நுண்ணிய உலோக இழை கனன்று ஒளிரும் அவ்வகைக் குமிழ், தான் பெறும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவிடுகிறது. விளக்கென்ற வகையில் குறையாகிய இப்பண்பே குஞ்சுப் பெட்டிக்கு அதைப் பொருத்தமாக்கியது. அண்மைக் காலத்தில் சிக்கனமான எல்ஈடி குமிழ்கள் அதனை அகற்றியபோது, அறை ஒளிபெற்றது, பெட்டியோ சூடிழந்தது. வெப்பத்துக்கென்றே செய்யப்பட்ட குமிழ்களும் தகடுகளும் தேவைப்படும் நிலை அவ்வாறே உருவாயிற்று.

கருவி எதுவாயினும், சூடு போதுமா என்பதற்குக் குஞ்சுகளே சான்றாயின. அவை விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினால் சூடு போதவில்லை. சுவரோரம் ஒதுங்கி, சிறகை அகற்றி, வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுதி. பெட்டி முழுவதும் பரந்து மேய்ந்தால் அளவு சரி. வாரந்தோறும் ஏறத்தாழ மூன்று பாகை குறைத்துக்கொண்டு செல்லவேண்டும் என்பது கால்நடைத் துறையினரின் அறிவுரை. குஞ்சுகளின் இந்நடத்தை புலப்படவேண்டுமாயின் பெட்டியில் சூடான மூலையும் சூடற்ற மூலையும் இருந்தாகவேண்டும்; முழுப் பெட்டியும் ஒரே சூட்டில் இருந்தால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை, பார்ப்பவருக்கு அறிந்துகொள்ள வழியுமில்லை.

இக்கொள்கையை ஊர்வனவற்றுக்குப் பொருத்திப் பார்க்க அறிவியலுக்கு நெடுங்காலம் பிடித்தது. பறவை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்குகிறது. பல்லியோ சூழலிலிருந்தே அதைப் பெறுகிறது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலை ஊர்வனவற்றுக்கெனத் தனி மனையை 1849இல் திறந்தது. எனினும், கூண்டுக்குள் வெவ்வேறு வெப்பநிலை கொண்ட பகுதிகளை மின்சாரத்தால் அமைக்கும் திட்டம், அங்கு பொறுப்பாளராக இருந்த ஜோன் புரொக்டர் வடிவமைத்து 1927இல் திறக்கப்பட்ட புதிய மனையிலேயே நிறைவேறியது. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே மாறி மாறிச் சென்று பாலைநிலப் பல்லிகள் தம் உடற்சூட்டைத் தாமே சீராக்குகின்றன என்பதைக் கௌல்ஸ், போகர்ட் ஆகிய அமெரிக்க அறிஞர் இருவரும் 1944இல் நிறுவினர்.

சிறுத்தைப் பல்லி இக்கொள்கைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய இவ்வினம், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட கல்நிலங்களுக்குரியது. இலங்கையின் இயற்கை உயிரினம் அன்று. வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமைகள் இதற்கு உண்டு. இரவில் உலாவும் இது, பகலில் வெயில் காய்ந்த கல்லின் சூட்டை அடிவயிற்றால் பெறுகிறது. ஆகவேதான் இதனை வளர்ப்போர் இழுப்பறைகளைப் போல் அடுக்கிய தட்டுகளின் பின்புறத்தில், அடித்தளத்தின் மூன்றிலொரு பங்கை மட்டும் தொடுமாறு வெப்பநாடாவை ஓட்டுகின்றனர். வெப்பநாடா என்பது மின்சாரம் பாயும்போது மிதமாகச் சூடேறும் மெல்லிய பட்டை. நாடா ஓடும் பகுதியின் தரையில் ஏறத்தாழ 32 பாகையும், எதிர்ப்புறத்தில் 25 பாகையளவும் நிலவவேண்டும். வெப்பச்சீராக்கி இன்றி நாடாவை நேரே மின்னிணைப்பில் செருகினால் வயிற்றுத்தோல் வெந்துபோகும், தட்டு தீப்பற்றவும் கூடும்.

முட்டைப் பருவத்தில் இவ்வளவின் முக்கியத்துவம் இன்னும் பெரிது. அடைவெப்பம் ஊர்வனவற்றின் பாலைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை மடலென் ஷார்னியே ஆப்பிரிக்கப் பல்லியினம் ஒன்றில் 1966இல் கண்டறிந்தார். சிறுத்தைப் பல்லியின் முட்டைகள் 26 பாகையில் பெரும்பாலும் பெண்ணாகவும், 32.5 பாகையில் பெரும்பாலும் ஆணாகவும், 34 பாகையில் மீண்டும் பெண்ணாகவும் பொரிக்கின்றன. 1976இல் மாமல்லபுரத்துக்கு அருகே நிறுவப்பட்ட சென்னை முதலைப் பண்ணையில், மட்டக்களப்பு வாவிப் பகுதியிலும் வாழும் சதுப்புநில முதலையின் முட்டைகளில் நடந்த ஆய்வுகள், 31 பாகை வரை பெண்களும் 32.5 பாகையளவில் ஆண்களும் தோன்றுவதைக் காட்டின. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஓர் ஈற்றின் பாலையே மாற்றிவிடுகிறது.

குஞ்சுப் பெட்டியும் பல்லித் தட்டும் ஒரே விதியின் இரு வடிவங்கள் என்பதே இவ்வரலாறு தரும் முடிவு: சூடு ஓரிடத்தில் இருக்கவேண்டும், அதைவிட்டு ஒதுங்க மற்றோர் இடம் இருக்கவேண்டும், இரண்டையும் காவல்காக்கச் சீராக்கி ஒன்று இருக்கவேண்டும். வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தில் விவசாய பீடம் தொடக்கந்தொட்டு இயங்கிவருகிறது. கிரானுக்கு அண்மையிலுள்ள அப்பீடம், முதியோரின் நினைவில் எஞ்சியிருக்கும் குஞ்சு வளர்ப்பு முறைகளை அவர்கள் உள்ளபோதே பதிவுசெய்தல் நன்று. இலங்கையின் பல்லியினங்கள் பல, 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் பிற்காலத் திருத்தங்களாலும் காக்கப்படுபவை என்பதால், அவற்றைக் காட்டிலிருந்து பிடித்துத் தட்டில் அடைக்க எவரும் முனைதல் ஆகாது. எந்த உயிருக்குச் சூடு கொடுப்பவரும், அது அச்சூட்டை விட்டு விலகிச்செல்ல இடம் வைத்த பின்னரே விளக்கை ஏற்றவேண்டும்.