மாளிகையின் பெயரும் மனிதரின் பெயரும்

திருநள்ளாற்று இறைவனைச் சைவப் பெருமக்கள் தர்ப்பாரண்யேசுவரர் என்று அழைக்கின்றனர். தருப்பைக் காட்டின் தலைவர் என்பது அதன் பொருள். எளிய புல்லொன்று ஒரு திருத்தலத்திற்கே பெயர் ஈந்துள்ளது. அது மண்ணில் முளைத்த பெயர். மேலிருந்து சூட்டப்படும் பெயர்களும் உலகில் உண்டு. அத்தகைய ஒரு வரலாற்றைச் சற்றே சிந்திப்போம்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியிலே சாட்ஸ்வொர்த் என்னும் மாளிகை உள்ளது. டெவன்ஷயர் கோமகன்களாகிய கேவண்டிஷ் குடும்பத்தாரின் இல்லம் அது. சீனத்திலிருந்து மொரீசியசு வழியாக இங்கிலாந்து சென்ற குள்ள வாழையொன்றை, அம்மாளிகைத் தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் கண்ணாடி வீட்டில் வளர்த்தார். 1835-இல் அது பூத்தது. அதற்குத் தம் தலைவரின் குடும்பப் பெயரையே அவர் சூட்டினார். நம் சந்தைகளில் மோரிஸ் என்றும் ஜி-9 என்றும் விற்கும் பழங்கள் அந்தக் கேவண்டிஷ் இனத்தவையே.

மாளிகையின் பெயரோ தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு அருகிலிருந்த ஒரு பண்ணைக்குச் சென்றது. அந்த நாட்டில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் கால்வைத்தது 1860 நவம்பர் 16-ஆம் நாள். சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் அவர்களைக் கரும்புத் தோட்டங்களுக்காக இறக்கியது. அவர்களுள் கிறித்தவர்களும் இருந்தனர். நம் காரைக்கால் துறையிலிருந்தும் அக்காலத்தில் ரெயூனியன் போன்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். டர்பனில் இறங்கியவரின் பெயரும் ஊரும் ஏட்டில் எழுதப்பட்டன. ஆயினும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணே அடையாளமாயிற்று. 1911-க்குள் அவ்வாறு எண் பெற்றோர் 1,52,184 பேர்.

அவர்களிடையே உழைத்த அமலமரித் தியாகிகள் சபையின் சபோன் அடிகளார், அம்மக்களின் தமிழைக் கற்றார். எண்ணிட்ட மனிதரை அவரவர் மொழியில் அழைக்க முனைந்தது சிறு செயலன்று.

1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் இனவாரியாக மக்களைப் பிரித்தது. 1960-களில் டர்பன் நகரின் பல பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர்கள், பழைய பண்ணைப் பெயரைத் தாங்கிய சாட்ஸ்வொர்த் குடியிருப்பில் அமர்த்தப்பட்டனர். நகராட்சித் துப்புரவுப் பணியில் உழைத்த தமிழரும் அவர்களுள் இருந்தனர். குடியிருப்பின் பகுதிகளுக்கும் எண்களே இடப்பட்டன. கோமகனின் மாளிகைப் பெயர் கிடைத்தது. விரும்பிய இடத்தில் வாழும் உரிமை கிடைக்கவில்லை. எனினும் அம்மக்கள் ஆலயங்களும் பள்ளிகளும் எழுப்பி, அந்த அந்நியப் பெயரைத் தம் ஊர்ப் பெயராக்கிக் கொண்டனர்.

பெயரின் பெருமை அதைச் சூட்டியவரின் செல்வத்தால் வருவதன்று. அதைத் தாங்கி வாழ்பவரின் உழைப்பால் வருவது. நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று யோவான் நற்செய்தி அறிவிக்கிறது. திருமுழுக்கில் திருச்சபை முதலில் கேட்பதும் குழந்தையின் பெயரைத்தான்.

இன்று நம் வயல்களிலும் கட்டடப் பணிகளிலும் வடமாநிலத்து இளைஞர்கள் உழைக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? 'இந்திக்காரன்' என்ற ஒரே சொல்லில் அவர்களை அடைத்துவிடுகிறோம் அல்லவா? கடல் கடந்து எண்ணாகிப்போன நம் முன்னோருக்கு நாம் செலுத்தும் கடன் ஒன்றுண்டு. நம் தெருவில் உழைக்கும் அந்நியனிடம் அவன் பெயரைக் கேட்பதே அது.