வாறுகால் எங்கே போகிறது?

ஐப்பசி மழை தொடங்குமுன் நம் கடற்கரையின் வரலாறு கொஞ்சம் பேசலாம் என்று நினைத்தேன். நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று வகுப்பில் படித்தீர்கள். இன்று அங்கே போய் நின்றால் கடல் தெரியாது, வயலும் குளமும்தான் தெரியும். தாமிரபரணி சுமந்து வந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. பிறகு எழுந்த பழையகாயலுக்கும் அதே கதிதான். தண்ணீர் எதைச் சுமந்து வருகிறதோ, அதுவே இந்தக் கரையின் விதியை எழுதியிருக்கிறது.

அன்று வந்தது வெறும் மண். இன்று வருவது என்ன?

தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குருஸ் பர்னாந்து அவர்களை இன்றும் ஊர் நன்றியோடு நினைக்கிறது. தண்ணீர் உள்ளே வந்த வழியைக் கொண்டாடும் நாம், அது வெளியே போகும் வழியைப் பார்ப்பதில்லை. ஊரின் நடுவே ஓடும் பக்கிள் ஓடை மழைநீருக்கானது. பின்னாளில் வீட்டுக் கழிவும் குப்பையும் அதில் சேர்ந்தன. ஓடை போய்ச் சேரும் இடம் கடல்.

பலர் நினைப்பதுபோல வாறுகால் தண்ணீரை யாரும் சுத்தம் செய்வதில்லை. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது பாதாளச் சாக்கடை. மழைநீர் வாறுகால் நேரே கடலுக்குத்தான் போகும். கோடை முழுவதும் தெருவில் சேர்ந்த எண்ணெய், சோப்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதல் மழையே அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தன்னார்வலர்கள் வாறுகால் வாயருகே மீன் படம் வரைந்து, ‘இது கடலுக்குப் போகிறது’ என்று எழுதிவைக்கிறார்கள். 1986-இல் டெக்சாஸ் கடற்கரையில் இரண்டு பெண்கள் ஆரம்பித்த குப்பை பொறுக்கும் பணி உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் 2006 முதல் கடலோரக் காவல்படை அதை முன்னின்று நடத்துகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவானதும் அதே 1986-இல்தான். கரையில் பொறுக்குவது நல்ல காரியம். ஆனால் தெருவில் தடுப்பது அதைவிட எளிது.

பசுமைப்படைப் பிள்ளைகளோடு ஒருமுறை மழைநாளில் வாறுகாலில் வேப்பிலையைப் போட்டுவிட்டு, அதன் பின்னாலேயே ஓடினோம். இலை கடலில் விழுந்ததும் ஒரு பையன், “சார், எங்க அப்பா வலை போடுற இடம் இதுதான்” என்றான். அதற்குமேல் நான் பாடம் நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. அந்த வெள்ளம் தெருக்களைக் கழுவி எதையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நம் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். முத்து மறைந்ததற்குக் கழிவுநீர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் இரை தின்கிறது. நாம் விடுவதைத்தான் அது குடிக்கும். சிப்பி திரும்பி வரவேண்டுமென்றால் பார்களில் தெளிந்த தண்ணீர் வேண்டும்.

ஆலந்தலையில் இருக்கும் பிள்ளைகளும், வெளியூரில் இருப்பவர்களும் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெரு வாறுகால் எங்கே போய் முடிகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.