ஆர்மி மென்: சார்ஜஸ் ஹீரோஸ் – ஒரு பொம்மைப் படையின் வரலாறு

ஆர்மி மென்: சார்ஜஸ் ஹீரோஸ் என்பது 3டிஓ என்னும் அமெரிக்க நிறுவனம் 1999ஆம் ஆண்டில் நின்டெண்டோ 64 கருவிக்காக வெளியிட்ட சுடும் வகை வீடியோ கேம் ஆகும். 2000ஆம் ஆண்டில் இது பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட், கணினி ஆகியவற்றுக்கும் வந்தது. விரல் உயரமே உள்ள பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்களே இதன் பாத்திரங்கள். வெளிவந்த காலத்தில் விமர்சகர்கள் பலர் இதைச் சுமாரான விளையாட்டு என்றே மதிப்பிட்டனர். இன்று எடுத்து விளையாடினாலும் அந்த மதிப்பீடு பெரிதாக மாறாது. ஆயினும், ஒரு நல்ல கற்பனை அவசர உற்பத்தியில் எப்படித் தேய்ந்துபோகிறது என்பதை அறிய இந்த விளையாட்டின் வரலாறு உதவுகிறது.

பொம்மைச் சிப்பாய்கள்

ஈயத்தாலும் தகரத்தாலும் செய்த பொம்மைச் சிப்பாய்கள் ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்தன. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டில் பெர்கன் டாய் அண்ட் நாவல்டி நிறுவனம் பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் மலிவானது. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்து, பை பையாகக் கட்டிக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. அமெரிக்கப் படையின் சீருடையை ஒட்டிப் பச்சை நிறம் நிலைபெற்றது. எதிரிப் படைக்கு மணல் நிறம், சாம்பல் நிறம் போன்றவை அமைந்தன. வியட்நாம் போர்க் காலத்தில் போர் பொம்மைகள் மீதான ஆர்வம் குறைந்தது. 1995இல் வெளியான டாய் ஸ்டோரி திரைப்படம் பச்சைச் சிப்பாய்களை மீண்டும் சிறுவர்களின் நினைவுக்குக் கொண்டுவந்தது.

3டிஓ நிறுவனத்தின் நிலை

3டிஓ நிறுவனத்தைத் தொடங்கியவர் ட்ரிப் ஹாக்கின்ஸ். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 1982இல் நிறுவியவரும் இவரே. 3டிஓ தொடக்கத்தில் விளையாட்டுக் கருவி ஒன்றை வடிவமைத்து, அதைத் தயாரிக்கும் உரிமத்தைப் பானசோனிக் முதலிய நிறுவனங்களுக்கு அளித்தது. 1993இல் வந்த அந்தக் கருவியின் விலை ஏறத்தாழ 700 டாலர். போட்டிக் கருவிகளைவிட அது பல மடங்கு அதிகம் என்பதால் விற்பனை எடுபடவில்லை. 1990களின் நடுப்பகுதியில் நிறுவனம் கருவித் தொழிலைக் கைவிட்டு, பிறருடைய கருவிகளுக்கு விளையாட்டுகள் செய்யும் தொழிலுக்கு மாறியது.

இச்சூழலில் 1998இல் கணினிக்காக வெளிவந்தது முதல் ஆர்மி மென். போர்க்களத்தை மேலிருந்து பார்க்கும் முறையில் அமைந்த அந்த விளையாட்டு வாங்குவோரைக் கவர்ந்தது. பச்சைச் சிப்பாய் என்பது யாருக்கும் தனிச் சொத்தல்லாத, எல்லோரும் அறிந்த பொம்மை. திரைப்படப் பாத்திரங்களைப் போல அதற்கு உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. பணத் தேவையில் இருந்த நிறுவனத்துக்கு இது பெரிய வசதி.

கதையும் ஆட்டமுறையும்

சார்ஜஸ் ஹீரோஸில் பச்சைப் படைக்கும் மணல் நிறப் படைக்கும் போர் நடக்கிறது. மணல் நிறப் படையின் தலைவன் ஜெனரல் பிளாஸ்ட்ரோ. பச்சைப் படையின் பிராவோ கம்பெனி வீரர்கள் சிறைப்படுகின்றனர். அவர்களை மீட்கக் கர்னல் கிரிம் அனுப்பும் வீரனே நாயகன் சார்ஜ். பிளாஸ்டிக் உலகுக்கும் மனிதர் வாழும் வீட்டுக்கும் இடையே வாசல்கள் திறந்துள்ளன. அவற்றின் வழியே சென்றால் குளியலறை, சமையலறை, வரவேற்பறை ஆகியவை போர்க்களங்களாகின்றன.

விளையாடுபவர் சார்ஜின் முதுகுப்புறமிருந்து காட்சியைப் பார்க்கிறார். துப்பாக்கி, பசூக்கா, கையெறி குண்டு, தீ உமிழும் கருவி ஆகியவை ஆயுதங்கள். இரத்தம் கிடையாது. தீயில் சிக்கிய சிப்பாய் உருகுகிறான். குண்டு வெடித்தால் துண்டு துண்டாகச் சிதறுகிறான். நின்டெண்டோ 64இல் நான்கு பேர் ஒரே திரையைப் பங்கிட்டு மோதும் வசதியும் இருந்தது. பலர் இந்த விளையாட்டை நினைவில் வைத்திருப்பதற்கு நண்பர்களோடு ஆடிய அந்த மோதல்களும் ஒரு காரணம்.

எங்கே தவறியது?

நாயகனைப் பின்தொடரும் காட்சிக் கோணம் அடிக்கடி இடறுகிறது. சுவர் ஓரம் போனால் எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியாமல் போகிறது. குறிபார்க்கும் வேலையை விளையாட்டே பெருமளவு செய்துவிடுவதால் திறமைக்கு இடம் குறைகிறது. இதே கருவிக்கு 1997இல் வந்த கோல்டன்ஐ 007 விளையாட்டோடு ஒப்பிட்டபோது இக்குறைகள் மேலும் பளிச்சென்று தெரிந்தன.

இவற்றைவிட ஆழமான குறை வேறொன்று. சமையலறை மேடையில் நிற்கும்போது, தான் எவ்வளவு சிறியவன் என்பதை விளையாடுபவர் உணர்கிறார். அன்றாடம் பார்க்கும் பொருள் மலையாகிறது, மேடையின் விளிம்பு செங்குத்துப் பாறையாகிறது. பொம்மைச் சிப்பாய் என்ற கற்பனைக்கு உயிர் வருவது இங்கேதான். ஆனால் பணிகளில் பெரும்பகுதி காடு, பனிநிலம், கோட்டை என வெளியே நடக்கிறது. அங்கே மரமும் கட்டடமும் சிப்பாயின் அளவுக்கு ஏற்றவையாகவே உள்ளன. அளவு வேறுபாடு மறைந்ததும் சார்ஜ் பச்சை நிறம் பூசிய சாதாரணப் படைவீரன் ஆகிவிடுகிறான். விளையாட்டும் பத்தோடு பதினொன்றாகிவிடுகிறது.

தொடர் உற்பத்தியும் வீழ்ச்சியும்

இக்குறைகளைத் திருத்தக் காலம் தேவைப்பட்டது. நிறுவனமோ எண்ணிக்கையில் கவனம் வைத்தது. 1999ஆம் ஆண்டில் மட்டும் ஆர்மி மென் 2, ஆர்மி மென் 3டி, டாய்ஸ் இன் ஸ்பேஸ், சார்ஜஸ் ஹீரோஸ், ஏர் அட்டாக் என ஐந்து விளையாட்டுகள் வெளிவந்தன. சார்ஜஸ் ஹீரோஸ் 2 அடுத்த ஆண்டே வந்தது. சில ஆண்டுகளில் தொடரின் எண்ணிக்கை ஏறத்தாழ 20ஐ எட்டியது. ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளைப் போல ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைந்தது. ஆர்மி மென் என்ற பெயரே மலிவான விளையாட்டுக்கு அடையாளமாகிவிட்டது.

2003 மே மாதத்தில் 3டிஓ நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் சொத்துகள் விற்பனைக்கு வந்தபோது, மைட் அண்ட் மேஜிக் தொடரை யூபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஆர்மி மென் உரிமை 7,50,000 டாலருக்குக் க்ரேவ் எண்டர்டெயின்மெண்ட் நிறுவனத்துக்குச் சென்றது.

பின்னாளில்

கற்பனை அதோடு முடிந்துவிடவில்லை. 2010இல் டாய் சோல்ஜர்ஸ், 2015இல் தி மீன் கிரீன்ஸ், 2020இல் ஹைப்பர்சார்ஜ்: அன்பாக்ஸ்டு ஆகிய விளையாட்டுகள் பொம்மைப் போரை மீண்டும் கையிலெடுத்தன. இவற்றில் தி மீன் கிரீன்ஸ், ஹைப்பர்சார்ஜ் இரண்டும் வீட்டுப் பொருள்களின் நடுவே சிற்றுருவாக நிற்கும் அனுபவத்தையே மையமாக்கின. சார்ஜஸ் ஹீரோஸ் சில பணிகளில் தொட்டுவிட்டு நகர்ந்த இடம் அதுவே. பச்சைச் சிப்பாய் பொம்மையோ 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ் அரங்கில் இடம்பெற்றது.