தரப்புள்ளி சராசரி (அண்ணா பல்கலைக்கழகம்)

தரப்புள்ளி சராசரி (ஜி.பி.ஏ.) என்பது ஒரு பருவத்தில் மாணவர் பெற்ற தரங்களை, பாடங்களின் கிரெடிட் எடைக்கேற்பக் கணிக்கும் சராசரி ஆகும். எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்துக் கணிக்கப்படுவது திரள் தரப்புள்ளி சராசரி (சி.ஜி.பி.ஏ.) எனப்படும். தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் இப்பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பல உள்ளன. தன்னாட்சிக் கல்லூரிகளின் விதிகள் வேறுபடலாம்.

2017 ஒழுங்குமுறையில் 91-100 மதிப்பெண்ணுக்கு ஓ (10 புள்ளி), 81-90க்கு ஏ+ (9), 71-80க்கு ஏ (8), 61-70க்கு பி+ (7), 50-60க்கு பி (6) என எல்லைகள் நிலையாக இருந்தன. ஆகவே 81 பெற்றவரும் 90 பெற்றவரும் ஒரே புள்ளியே பெற்றனர். 91 பெற்றவருக்கு ஒரு புள்ளி கூடியது. 2021 ஒழுங்குமுறை, மாணவர் 30 பேருக்கு மேற்பட்ட பாடங்களில் ஒப்பீட்டுத் தரமிடலைக் கொணர்ந்தது. இதில் எல்லைகள் தேர்ச்சி பெற்றோரின் மதிப்பெண்களைப் பொறுத்துப் பாடத்துக்குப் பாடம் மாறும்.

கணிப்பு முறை

தரப்புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளியும் 3 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும் பெற்றால், (36+18)/7 = 7.71.

தேர்ச்சி பெறாத பாடம் இக்கணிப்பில் சேர்க்கப்படுவதில்லை. மேற்கண்ட மாணவர் மூன்றாவது பாடமொன்றில் தவறினாலும் சராசரி 7.71 ஆகவே நிற்கும். எனவே சராசரியை மட்டும் பார்த்து ஒருவருக்கு நிலுவைப் பாடம் (அரியர்) இல்லை என முடிவு செய்தல் தவறு.

பட்ட வகுப்பு

அரியரின் விளைவு இங்கேதான் தெரியும். தனிச்சிறப்புடன் கூடிய முதல் வகுப்புக்குத் திரள் சராசரி 8.50க்குக் குறையாதிருப்பதோடு, எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். முதற்பருவக் கணிதத்தில் ஒருமுறை தவறியவர், பின்னர் 9.5 எட்டினாலும் இத்தகுதியைப் பெற இயலாது.