சைவ லம்ப்ரைஸ்: பல்லேகலயிலிருந்து ஒரு வழக்கு

ஒல்லாந்தர் கண்டி நகரைப் பிடித்தது ஒரே தடவைதான். 1765இல் ஆளுநர் வான் எக் படையோடு உள்ளே வந்தபோது அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் நகரை விட்டுப் போயிருந்தான். வெறும் மாளிகையைக் கைப்பற்றிய படையைக் காய்ச்சலும் உணவுத் தட்டுப்பாடும் அரித்தன. சில மாதங்களில் வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்கள். அடுத்த நூற்றாண்டில், 1867இல், கொழும்பு ரயில் கண்டியை எட்டியது. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் பலருக்கு அந்த ரயில்தான் சோறு போட்டது. சாரதி, கார்ட், ஸ்டேஷன் மாஸ்டர் என்று மலைநாடு முழுவதும் அவர்கள் குடியேறினார்கள். அவர்களுடைய வாழையிலைப் பொதியும் கூடவே ஏறியது.

அந்தப் பொதிதான் லம்ப்ரைஸ். எலும்பு ரசத்தில் வெந்த சம்பா, இரண்டு மூன்று இறைச்சி சேர்ந்த கறி, ஃப்ரிக்கடெல் என்ற இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச் சம்பல், இறாலில் இடித்த பிளாச்சான். எல்லாவற்றையும் வாட்டிய இலையில் கட்டி, அவன் அடுப்பில் வைத்துச் சுட்டெடுப்பது. வேலை நிறைய, ஆளுக்கு ஒரு பொதி.

ஒல்லாந்துச் சாப்பாடு என்று பெயர் பெற்றதே தவிர, இதில் ஒல்லாந்துக்காரர் கை கொஞ்சம்தான். ஃப்ரிக்கடெல் அவர்களுடையது. பிளாச்சான் மலாய்க்காரருடையது. இலையில் சோறு கட்டும் பழக்கத்துக்கு ஜாவாவின் லெம்பர் முன்னோடி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆசியத் தலைமையகம் 1619 முதல் ஜாவாவின் பத்தாவியாவில் இருந்தது; அங்கிருந்து கொழும்புக்கு அதிகாரிகளும் மலாய்ச் சிப்பாய்களும் போய்வந்த கப்பல்களில் சமையலும் வந்தது. கறுவா, ரம்பை, தேங்காய்ப்பால் எல்லாம் இங்கேயே இருந்தன. 1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகத்தில் லம்ப்ரைஸ் இடம்பிடித்தபோது அது முழு இலங்கைப் பண்டமாகிவிட்டது.

நான் மனையியல் படிப்பித்துப் பென்ஷன் எடுத்தவள். கண்டியை அடுத்த பல்லேகல மைதானத்துக்குப் போகும் ரோட்டில் வீடு. லம்ப்ரைஸைக் கற்றுத் தந்தது கண்டி டவுனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பறங்கி அன்டி. “மகள், அரிசியை அவசரப்படுத்தாதே” என்பதுதான் அவருடைய முதல் பாடம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அவருடைய சொந்தக்காரர் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். கடைசியில் அவரும் போனார். எங்கள் வீடு சைவம். ஆகவே அவர் சொன்னதில் பாதியை நான் மாற்ற வேண்டியிருந்தது. இறைச்சி இல்லாத லம்ப்ரைஸ் லம்ப்ரைஸே அல்ல என்று சொல்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இறைச்சிக் கறியின் இடத்துக்குக் கண்டியில் ஆள் தேடவே தேவையில்லை. 1660இல் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் இந்த மலைகளில் கைதியாக இருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் பலாவை இங்குள்ள சனங்களின் பெரிய ஆதாரமாக எழுதியிருக்கிறார். பிஞ்சுக்குப் பொலோஸ், முற்றிய காய்க்குக் கொஸ் என்று சிங்களப் பெயர்களையும் தருகிறார். பின்னால், பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் நாடெங்கும் பலாக்கன்று நட வைத்தார். ‘கொஸ் மாமா’ என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. பொலோஸைப் பெரிய துண்டாக வெட்டி, கொறுக்காய், கறுவா, வறுத்த கறித்தூள் போட்டு மண்சட்டியில் மணிக்கணக்காகக் கிடக்க விட்டால் நிறம் கறுத்து, நார் நாராகப் பிரியும். அடுத்த நாள்தான் அதற்கு உண்மையான ருசி. அதே கறியை மசித்து, அவித்த சாம்பல் வாழைக்காயோடு பிசைந்து, பாண்தூளில் உருட்டிப் பொரித்தால் ஃப்ரிக்கடெலின் இடமும் நிறைந்தது.

சோயாவைப் போட்டால் வேலை மிச்சம் என்பார்கள். சோயாவின் கதையும் எங்கள் பக்கத்துக் கதைதான். 1973, 1974இல் அரிசியும் மாவும் தட்டுப்பாடானபோது தேயிலைத் தோட்டங்களில் எங்கள் சனங்கள் பட்டினியில் செத்தார்கள். மலிவான புரதம் தேடிய அந்தக் காலத்தில்தான் சோயா இந்த நாட்டில் ஊன்றியது. பேராதனைப் பூந்தோட்டத்துக்கு அக்கரையில், கன்னொறுவையில், சோயா உணவுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. சோயாமீட் இன்று எந்த மூலைக் கடையிலும் பைக்கற்றில் தொங்குகிறது. அதற்கு மரியாதை கொடுக்கிறேன், லம்ப்ரைஸில் போடமாட்டேன். இலைக்குள் வெந்தால் அது பஞ்சாகி, பக்கத்தில் உள்ள எல்லாச் சாற்றையும் உறிஞ்சிவிடும்.

இறைச்சியை எடுப்பது இலகு. வில்லங்கம் மாசிக் கருவாட்டில் இருக்கிறது. சீனிச் சம்பலில் மாசி, கத்தரிக்காய்க்கும் சிலர் மாசி. மாலைதீவில் சூரை மீனை அவித்து, புகையில் காயவைத்து ஏற்றுமதி செய்வதை 1340களிலேயே இப்னு பதூதா பார்த்து எழுதியிருக்கிறார். அவ்வளவு பழைய வியாபாரம். சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லோருடைய சம்பலிலும் அது ஊறிவிட்டதால், சமைப்பவருக்கே அது மீன் என்ற நினைப்பு வருவதில்லை. நான் மாசிக்குப் பதில் தேங்காய்ச்சொட்டைக் கருக வறுத்து, காயவைத்த காளானோடு இடித்துப் போடுகிறேன். காளான் ஊறிய தண்ணீரும் லீக்ஸ், கரட், சேரை, ரம்பை அவித்த நீரும்தான் சோற்றுக்கு ரசம். சம்பாவை நெய்யில் ஏலம், கராம்போடு வறுத்த பிறகே ரசத்தை ஊற்றவேண்டும். பிளாச்சானுக்கு மாற்று எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. அந்த மூலையில் எங்கள் அம்மாவின் புளி இஞ்சித் துவையலை வைக்கிறேன். அன்டி பார்த்திருந்தால் முகம் சுளித்துவிட்டு இரண்டாம் தரம் கேட்டிருப்பார்.

வீட்டில் ஆள் கூடினால் தனித்தனிப் பொதி கட்டுவதில்லை. ஆழமான தட்டில் வாட்டிய இலையை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விரித்து, பாதிச் சோறு, அதன்மேல் பொலோஸ், கத்தரிக்காய், சம்பல், மீதிச் சோறு. கெட்டித் தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் தெளித்து இலையை மடித்து மூடி அரை மணித்தியாலம் சூட்டில் வைப்பேன். வீட்டில் மின்சார அவன் இல்லாத காலத்தில் பேக்கரிக்காரரிடம் கொடுத்தால் பாண் எடுத்த பிறகு சூடு மிஞ்சிய போறணைக்குள் தள்ளுவார். அந்த மணம் மின்சார அவனில் வருவதில்லை.

அவித்துப் பொரித்த முட்டையும் கோழிக்காலும் வைத்து விற்பதை ‘ஒரிஜினல்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. பழைய பறங்கி வீடுகளில் இரண்டுமே கிடையாது. அந்த மாற்றத்தைச் சகித்துக்கொள்ளும் நாக்கு பொலோஸைக் கண்டு மட்டும் ஏன் கோபிக்க வேண்டும்? ஜாவாவில் தொடங்கிக் கண்டிவரை வந்த பண்டம் லம்ப்ரைஸ்; வந்த இடமெல்லாம் உள்ளூர்க் காயையும் உள்ளூர்க் கையையும் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. இலையும் ரசத்தில் வெந்த சோறும் மூடிச் சுடுவதும் இருந்தால் எனக்கு அது லம்ப்ரைஸ்தான்.

போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு. கந்தசஷ்டிக்கு எங்கள் வீடுகளில் விரதம். இரண்டுக்கும் இங்கே மரக்கறி லம்ப்ரைஸ் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘வெஜிடபிள்’ என்று பொதியில் ஒட்டுவதற்கு முன் சம்பலில் மாசி போடாமல் செய்யுங்கள், போட்டால் அதையும் எழுதுங்கள். வாங்குபவர்களும் கறி என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல் சம்பலைப் பற்றியும் கேளுங்கள்.