நான் நடத்தாமல் விட்ட பாடம்



போன வாரம் பேரன் எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். "சார், அது என்ன வண்டி?" என்று மாணவர்கள். "அண்ணே, உடம்புக்கு என்ன ஆச்சு?" என்று சொந்தக்காரர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். 33 வருடம் வரலாறு நடத்தியவன், சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2 வருடத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குள் கோல் ஊன்றி நடப்பேன். தெருமுனை வரை போனால் கால் பின்னிக்கொள்ளும். அதனால் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். நூலகம் போச்சு, சாயங்கால டீக்கடை போச்சு. மகள் "ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன்" என்றபோது, "ஊர் பார்த்துச் சிரிக்கவா?" என்று சண்டை போட்டேன். அந்த வீம்பு தணிய 8 மாதம் ஆனது.

வாங்குவது என்று முடிவானதும் பழைய பழக்கம் விடவில்லை. இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1655-ல் ஜெர்மனியில், நியூரம்பெர்க் பக்கத்தில், ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்று ஒரு கடிகாரத் தொழிலாளி இருந்தார். வயது 22. கால்கள் வேலை செய்யாது. கடிகாரத்துப் பல்சக்கரம் பழகிய கை. கையால் சுற்றினால் முன்சக்கரம் உருளும்படி 3 சக்கர வண்டி ஒன்றைத் தனக்குத் தானே செய்துகொண்டார். யாரும் தள்ள வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். நம் திருமலை நாயக்கர் மதுரையை ஆண்ட காலம் அது.

அடுத்த நூற்றாண்டில், 1750 வாக்கில், இங்கிலாந்தின் பாத் நகரில் ஜேம்ஸ் ஹீத் என்பவர் நோயாளிகளுக்காக ஒரு சக்கர நாற்காலி செய்தார். நல்ல வசதி, மெத்தை எல்லாம் உண்டு. ஆனால் இழுக்கவோ தள்ளவோ ஓர் ஆள் வேண்டும். அந்த நாற்காலிதான் பெரிய அளவில் பரவியது. உட்கார்ந்திருப்பவர் எங்கே போவது என்பது தள்ளுகிறவர் கையில் இருந்தது.

மோட்டார் வந்த கதையிலும் ஒரு வீட்டுப் பாசம் இருக்கிறது. இங்கிலாந்தில் பெர்ட் கிரீவ்ஸ் என்ற மெக்கானிக், கால் செயலிழந்த தன் உறவினரின் நாற்காலியில் ஓர் எஞ்சினைப் பொருத்தினார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்வாகார் என்ற 3 சக்கர வண்டி. அரசாங்கமே அதை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கியது. ஆனால் ஒரே சீட். மனைவியையோ பிள்ளையையோ கூட்டிப் போக முடியாது. பாதுகாப்புக் குறைவு என்று 2003-ல் அதைச் சாலையிலிருந்தே விலக்கிவிட்டார்கள்.

இன்று நான் ஓட்டும் வகை வண்டி 1968-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தது. ஆலன் தீம் என்பவர் பிளம்பிங், ஹீட்டிங் வேலை எடுத்துச் செய்தவர். அவர் மனைவிக்கு நரம்பு நோய் வந்து நடை தளர்ந்தது. கொஞ்சம் நடக்க முடிந்தவரைச் சக்கர நாற்காலியில் முடக்க மனமில்லாமல், பேட்டரியில் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தார். பெயர் அமிகோ. ஸ்பானிஷ் மொழியில் 'நண்பன்' என்று பொருள்.

வண்டி வந்தால் போதுமா? நடைபாதையின் விளிம்பு அரை அடி உயரம் இருந்தால் எந்தச் சக்கரமும் ஏறாது. அதே மிச்சிகனில் கலமசூ என்ற ஊரில், 1945-லேயே, போரில் காயம்பட்டு வந்தவர்களுக்காக நடைபாதை ஓரங்களைச் சரிவாக வெட்டிக் கொடுத்தார்கள். நாடு முழுவதற்கும் அது எளிதில் வரவில்லை. 1990 மார்ச்சில் வாஷிங்டனில் பலர் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்தே ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி. அந்த ஜூலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் கையெழுத்தானது.

நம் நாட்டில் 1995-லும் 2016-லும் சட்டங்கள் வந்தன. 2001-ல் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது குதுப் மினார் போன்ற இடங்களில் அவருக்காக மரச் சாய்தளம் போட்டார்கள். சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடலோரம் வரை போக மரப்பாதை வந்தது 2022-ல். இந்தப் பாடத்தை நான் வகுப்பில் ஒருநாளும் நடத்தியதில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை மட்டும் 7 பாயிண்டாக ஒப்பித்தோம்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1987-ல் என் பத்தாம் வகுப்பு மாடியில் இருந்தது. போலியோவில் கால் பாதிக்கப்பட்ட ஒரு பையன். தினமும் இரண்டு நண்பர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். அதனால் தாமதமாகும். தாமதத்துக்கு அந்த இரண்டு பேரையும் வெளியே நிற்க வைத்தவன் நான். வகுப்பைக் கீழே மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும்.

எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தபோதுதான் அந்தப் படிக்கட்டு கண்ணில் வந்து நின்றது. நம்பர் தேடிப் பிடித்துப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அப்ப யாருக்குத்தான் தோணுச்சு?" என்றான். கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "வெளிய நின்ன அவங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசுங்க சார்" என்றான். பேசினேன்.

வண்டி தேர்வு செய்ய வழி சொன்னதும் அவன்தான். பல வருடமாக இதில் வேலைக்குப் போகிறவன். "சார், முதல்ல வழியை அளங்க. வண்டியை அப்புறம் பாருங்க" என்றான். வாசல், கேட், சந்து எல்லாம் டேப் வைத்து அளந்தோம். 4 சக்கர வண்டி அசையாமல் நிற்கும், ஆனால் திரும்ப இடம் நிறைய வேண்டும். 3 சக்கரம் குறுகலில் திரும்பும், ஆனால் வேகமாக வளைத்தால் சாயும். எங்கள் சந்துக்கு 3 சக்கரம்தான் சரிப்பட்டது. அடிப்பாகம் தாழ்ந்திருந்தால் வேகத்தடையில் இடிக்கும், அதையும் பார்த்தோம். சீட் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் என் இடுப்புக்கு இறங்குவது கஷ்டம். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பதில் பாதியை நம்பினால் போதும் என்றான். ஏற்றமும் ஆளின் எடையும் பேட்டரியின் வயதும் மீதியைத் தின்றுவிடும். லிவரை விட்டால் தானாக நிற்கும். தள்ளிக்கொண்டு போவதற்கென்று மோட்டாரை விடுவிக்கும் பிடி ஒன்று உண்டு, சரிவில் அதைத் தொடவே கூடாது. அப்போது பிரேக்கும் சேர்ந்து விடுபட்டுவிடும்.

வாசலில் படி 1 அடி உயரம். 1-க்கு 12 என்பது சாய்தளக் கணக்கு, அப்படியானால் 12 அடி நீளம் வேண்டும். நேராகப் போட்டால் தெருவில் முடியும். கொத்தனார் சுவரோரமாகத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். துளசி மாடத்தை நகர்த்த வேண்டியிருந்தது. வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. இப்போது கேஸ் சிலிண்டர் ஏறுவதும் அதில்தான், பக்கத்து வீட்டு அம்மா வந்து போவதும் அதில்தான்.

முதல் நாள் நூலகம் போனேன். வாசலில் 3 படி. வண்டியை நிறுத்திவிட்டுக் கோலோடு ஏறினேன். என்னால் ஏற முடிந்தது. முடியாதவர்கள் எத்தனை பேர் அந்த வாசலோடு திரும்பியிருப்பார்களோ! ஒரு சாய்தளம் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் வீட்டு வாசலை ஒருமுறை அளந்து பாருங்கள். உங்களில் ஆசிரியர் ஆனவர்கள் பலர். உங்கள் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது, யார் எப்படி ஏறி வருகிறார்கள் என்று நாளைக் காலையில் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்